ஒரு மீட்டர் காடா வாங்க ஈரோடு போனேன்

கேள்வி–பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தோம். பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார். 2 ஏக்கர் மானாவாரி, மக்காச்சோளமும் பருத்தியும். வீட்டில் மாமியார் காலத்து மிதி மெஷின் ஒன்று இருக்கிறது. ஊருக்கு வந்த ஓர் ஆள், "மாதம் 500 துணிப்பை தைத்துக் கொடுங்கள், நாங்களே எடுத்துக்கொள்கிறோம். கரன்ட் மெஷின் வேண்டும், அதை எங்களிடம்தான் வாங்க வேண்டும், அதற்கு முன்பணம் கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். முன்பணத்துக்காக 2 வெள்ளாடுகளை விற்கலாமா என்பது அவருடைய கேள்வி. கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது: "தோளில் மாட்டுகிற பையை வீட்டிலேயே தைப்பது எப்படி? துணி எங்கே வாங்குவது?"

முதல் கேள்விக்கு மேசையில் உட்கார்ந்தபடியே பதில் எழுதிவிடலாம். ஆனால் இரண்டு கேள்விக்கும் பதில் துணி புழங்குகிற ஊரில்தான் முழுதாகக் கிடைக்கும் என்று தோன்றியது. திங்கட்கிழமையாகப் பார்த்து ஈரோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

ஏன் திங்கட்கிழமை என்றால், ஈரோட்டு ஜவுளிச் சந்தை கூடுவது திங்கள் இரவு. பன்னீர்செல்வம் பார்க்கை ஒட்டிய கனி மார்க்கெட்டில் பொழுது சாய்ந்ததும் மூட்டைகள் வந்து இறங்க ஆரம்பிக்கும். விடிய விடிய வியாபாரம், செவ்வாய்க்கிழமையும் தொடரும். கேரளா, கர்நாடகா, ஆந்திராவிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வருவார்கள். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் போனால் கால் வைக்க இடமிருக்காது. மஞ்சள் மண்டியைப் பார்த்துப் பழகிய நம் ஆட்களுக்கு இந்தச் சந்தையும் அந்நியமாகத் தெரியாது. மாதிரி பார்ப்பது, கையால் தேய்த்துப் பார்ப்பது, விலை கேட்டு நகர்வதுபோல நடிப்பது எல்லாம் அங்கேயும் அப்படியேதான்.

நைட்டி, லுங்கி, துண்டு, போர்வை, பாவாடைத் துணி என்று மலைமலையாகக் கிடந்தது. பைக்கு ஏற்ற காடா மட்டும் முதல் பார்வைக்குக் கண்ணில் படவில்லை. காடா என்பது தறியிலிருந்து இறங்கியபடியே இருக்கும் துணி. வெளுக்காதது, சாயம் ஏறாதது, லேசான பழுப்பு நிறம். உற்றுப் பார்த்தால் பருத்திக் கொட்டையின் தூசு கறுப்புப் புள்ளியாக அங்கங்கே ஒட்டியிருக்கும். பருத்தி போட்டவர்களுக்கு அந்தப் புள்ளி நன்றாகத் தெரிந்ததுதான். இது பெரும்பாலும் பேல் பேலாக மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் போய்விடுகிற சரக்கு. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று கேட்டால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாலு கடை தாண்டி, வெட்டுத்துணி விற்கும் ஒருவரிடம்தான் கிடைத்தது.

"என்னுங்க்கா, பைக்குங்களா? அப்பக் கெட்டியாப் பாருங்க. இது பாருங்க, இது ஆகாது" என்று அவரே ஒரு துண்டை ஒதுக்கினார். எனக்கு ஒதுக்கியதுதான் கெட்டியாகத் தெரிந்தது. அட்டைபோல விறைப்பாக நின்றது. அவர் அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கசக்கினார். வெள்ளையாக மாவு உதிர்ந்தது. "கஞ்சிங்க்கா. ஒரு தண்ணி போட்டா வலை மாதிரி ஆயிரும்."

அந்தக் கஞ்சி நம் வயலிலிருந்து போனதாகவும் இருக்கலாம். தறியில் ஏற்றும் பாவு நூல் உரசி அறுந்துவிடாமல் இருக்க அதற்குக் கஞ்சி போடுவார்கள். சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் ஸ்டார்ச் இந்த வேலைக்கும் போகிறது. மரவள்ளிக்காரர்கள் ஜவ்வரிசி விலையை மட்டுமே பார்க்கிறோம். தறி ஓடாத மாதத்தில் ஸ்டார்ச்சும் படுத்துவிடும் என்பதை மறந்துவிடுகிறோம். சரி, அது வேறு கதை.

துணியைச் சோதிக்க அவர் மூன்று வழி காட்டினார். முதலில் கசக்கிப் பார்ப்பது. அடுத்து, குழல்விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பது: ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை, விளக்கே தெரிந்தால் வேண்டாம். கடைசியாக, மூலைக்கு மூலை பிடித்துக் குறுக்காக இழுப்பது. நூல் விலகி வழி விட்டால் அந்தத் துணி தையல் ஓரத்தில் நிற்காது, கிழிந்துகொண்டே வரும்.

வெட்டுத்துணியை ஈரோட்டில் கிலோ கணக்கிலும் விற்கிறார்கள். அங்கேதான் ஏமாற வாய்ப்பு அதிகம். பைக்கு ஆகிற கனமான காடா, 36 இன்ச் அகலத்தில் 1 மீட்டர் சுமார் 200 கிராம் நிற்கும். அதாவது கிலோவுக்கு 5 மீட்டர். "இதுல எட்டு மீட்டர் வருங்க" என்று யாராவது ஆசை காட்டினால், துணி மெல்லிசு என்று அவர் வாயாலேயே சொல்லுகிறார் என்று அர்த்தம். விலையை நான் இங்கே எழுதவில்லை. நூல் விலை ஏறி இறங்க இதுவும் ஏறி இறங்கும். நான் கொடுத்த விலையை எழுதினால் நீங்கள் போகிற அன்றைக்கு அது பொய்யாகிவிடும். நாலு கடை கேளுங்கள்.

ஈரோடு வரை வர முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பக்கத்து டவுனில் மெத்தை, தலையணை தைக்கிற கடையில் காடா என்று கேட்டால் பெரும்பாலும் இருக்கும். மீட்டருக்குச் சில ரூபாய் கூடலாம். ஒரு பைக்காக பஸ் செலவு செய்து ஈரோடு வருவது கணக்கில் சேராது.

முன்பணம் கேட்கிறவர்

கடிதத்து விஷயத்தை அந்தக் கடைக்காரரிடமே கேட்டேன். துணியை மடித்துக்கொண்டே, "தைக்கக் குடுக்கறவன் காசு குடுப்பானுங்க்கா, கேக்க மாட்டான்" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. அடுத்த ஆள் லுங்கி விலை கேட்க வந்துவிட்டார்.

பக்கத்தில் டீக்கடையில் நின்ற இரண்டு பெண்களிடமும் கேட்டேன். வீட்டில் மெஷின் வைத்துப் பாவாடை தைத்துக் கொடுக்கிறவர்கள், முடித்த மூட்டையைச் சந்தையில் சேர்க்க வந்திருந்தார்கள். அவர்களுக்குத் துணியை வெட்டியே கொடுத்துவிடுகிறார்கள். தைத்துத் திருப்பிக் கொடுத்தால் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. நூல் யார் பொறுப்பு என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டுமாம். "மிசினு உன்னுதா, அவிகளுதான்னு யாரும் கேக்கறதில்லீங்க. தையல் நேரா இருக்குதான்னுதான் பாப்பாங்க" என்றார் மூத்தவர்.

ஆகவே பெரம்பலூர் வாசகிக்கு என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டை விற்காதீர்கள். வேலை கொடுப்பதாகச் சொல்லி மெஷினை விற்கிறவருக்கு லாபம் மெஷினில். பை அவருக்கு ஒரு சாக்கு. மெஷின் உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, "தையல் சரியில்லை" என்று முதல் மூட்டையைத் திருப்பிவிட்டால் கேட்க நாதியில்லை. இப்படிப் பல வேலைகளில் நடந்திருக்கிறது: ஊதுபத்தி உருட்டுவதில் நடந்தது, காகிதத் தட்டில் நடந்தது. வெள்ளாடு 2 வருஷத்தில் 3 ஈத்து ஈனும். கையில் இருக்கிற வருமானத்தை விற்று, வருமா வராதா என்று தெரியாததை வாங்கக் கூடாது. அவர் நிஜமாகவே பை வாங்குகிறவர்தான் என்றால், உங்கள் மிதி மெஷினில் தைத்த 20 பையைக் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. சாதாரண மஞ்சப்பையோடு விலையில் போட்டி போட நம்மால் முடியாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் நாணயம் போட்டால் மஞ்சப்பை வந்து விழும் இயந்திரம் வைத்தார்கள். ஒரே சமயத்தில் நூறு அடுக்குத் துணியை வெட்டி, வரிசையாக உட்கார்ந்து தைத்தால்தான் அந்த விலை கட்டும். தோள்பை அப்படி அல்ல. ஒன்றுக்கு 1 மீட்டர் துணி, ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை. அதை வாங்குகிறவர் வருஷக்கணக்கில் தோளில் போடுவதற்காக வாங்குகிறார். அவரிடம் நீங்கள் உழைப்புக்கும் சேர்த்து விலை சொல்லலாம்.

சாயம் வேண்டாம் என்றதற்குக் காரணம்

செவ்வாய்க்கிழமை காலை சென்னிமலைக்குப் போனேன். ஈரோட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். மலைமேல் முருகன், கீழே தறிச் சத்தம். போர்வைக்குப் பேர்போன ஊர். கொடி காத்த குமரன் 1904இல் பிறந்தது இந்த ஊரில்தான். நெசவாளர் வீட்டுப் பிள்ளை.

சென்னிமலைக்குப் பக்கத்தில்தான் ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. நொய்யலின் குறுக்கே, பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் திறந்த அணை. பாசனத்துக்குத் தண்ணீர் வந்ததைவிடத் திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு வந்ததுதான் அதிகம். தேங்கிய உப்புநீர் ஊறி ஊறிச் சுற்றுவட்டாரக் கிணறுகளெல்லாம் கெட்டன. கீழே கரூர் வரைக்கும் நொய்யல் பாசன விவசாயிகள் வழக்கு நடத்தினார்கள். கடைசியில் 2011 ஜனவரியில், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யும்வரை பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர், எழுபது வயது இருக்கும், கிணற்றைக் காட்டினார். "அணை கட்டறாங்கன்னு நாங்கதானுங்க சந்தோசப்பட்டோம். தென்னை மொதல்ல காய் சிறுத்துச்சு, அப்பறம் குருத்தே சாஞ்சுது. கலர் கலராத் தண்ணி வந்துச்சுங்க அம்மிணி, என்ன கலர் சட்டை அங்க ஓடுதுன்னு இங்கிருந்தே சொல்லலாம்." இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சாயத்தொழிலே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. லட்சக்கணக்கான ஆட்களுக்கு அது சோறு போடுகிறது. அவர்களில் பலர் மழை பொய்த்த வருஷத்தில் காட்டை விட்டுப் போன நம் பிள்ளைகள். முறையாகச் சுத்திகரிக்கிற பட்டறைகளும் உண்டு. ஆனால் கையில் இருக்கிற துணி எந்தப் பட்டறையில் முங்கி எழுந்தது என்று நமக்குத் தெரிய வழியில்லை. வெங்காயமும் விதையும் சுமக்கிற பைக்கு நிறம் அவசியமா? காடாவுக்கு ஒரு கேடும் இல்லை. அழுக்கு தெரியும், அவ்வளவுதான், துவைத்துக்கொள்ள வேண்டியது.

"மஞ்சளில் முக்கி எடுத்தால் மஞ்சப்பை ஆகிவிடாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. நிறம் அழகாகத்தான் ஏறும். ஆனால் மஞ்சள் நிறம் வெயிலில் நிற்காது. சோப்புப் பட்டால் சிவந்துவிடும். நோம்பிக்கு ஒருநாள் கொண்டுபோகிற பைக்கு வேண்டுமானால் செய்யலாம்.

குழவியும் 18ஆம் நம்பர் ஊசியும்

சென்னிமலையில் ஒரு நெசவாளர் வீட்டில் தையல் வேலையும் செய்கிற அக்கா ஒருவர், என் காடாவைப் பார்த்ததும், "நனைச்சீங்களா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தான் ஏற்கெனவே நனைத்துக் காயவைத்திருந்த காடாவில் தைத்துக் காட்டினார். நனைக்காமல் வெட்டினால் அளவும் போகும், தையலும் சுருண்டுகொள்ளும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டு, மறுநாள் நன்றாகக் கசக்கி அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். என் துணியை வீட்டுக்கு வந்து நனைத்தபோது 1 மீட்டரில் 2 இன்ச் குறைந்தது. எனவே கடையில் 38 இன்ச் அகலம் கேட்டு வாங்குங்கள். சுருங்கினபிறகு 36 இன்ச்சுக்கு 36 இன்ச் துண்டு நிச்சயமாகத் தேறும்.

அந்தத் துண்டில் ஒரு பை எப்படி வருகிறது என்று பாருங்கள். உடம்புக்கு 16 இன்ச் அகலம், 36 இன்ச் நீளத்தில் ஒரே துண்டு. அதை நடுவில் மடித்தால் அடிப்பக்கம் தையலே இல்லை. கனம் தாங்குகிற இடத்தில் தையல் இல்லாமல் இருப்பது நல்லதுதானே. தோள்வாருக்கு 6 இன்ச் அகலத்தில் 36 இன்ச் நீளமாக இரண்டு பட்டை. மீதி 8 இன்ச் அகலத்தில் ஒரு பட்டை நிற்கும். அதில் 9 இன்ச் வெட்டினால் பணமும் போனும் வைக்க உள்பை. எல்லாவற்றையும் பாவு ஓடுகிற திசையில், அதாவது கரைக்கு இணையாக, நீளவாட்டில் வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டின வார் கனம் ஏற ஏற நீண்டு, இடுப்பில் நின்ற பை முழங்காலுக்கு வந்துவிடும்.

உள்பையின் வாயை மடித்துத் தைத்து, மற்ற மூன்று பக்கமும் அரை இன்ச் உள்ளே மடித்து, உடம்புத் துண்டின் உள்பக்கம், வாயிலிருந்து 4 இன்ச் கீழே வைத்து முதலிலேயே தைத்துவிடுங்கள். பையை மூடியபிறகு கை நுழையாது.

பக்கத் தையலில்தான் வீட்டுப் பைகள் பெரும்பாலும் கெட்டுப்போகின்றன. பிசிறு வெளியே நின்றால், நாலு துவையலில் நூல் நூலாகக் கழன்று தையல்வரை வந்துவிடும். அக்கா செய்தது இது: துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, இரண்டு பக்கமும் ஓரத்திலிருந்து கால் இன்ச் விட்டு முதல் தையல். பிறகு பையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, அதே ஓரத்தைக் கொஞ்சம் தாராளமாக, கால் இன்ச்சுக்கு மேல் அரை இன்ச்சுக்குள், இன்னொரு தையல். பிசிறு முழுக்க இரண்டு தையலுக்கும் நடுவில் அடங்கிவிடும். ஓவர்லாக் மெஷின் தேவையே இல்லை.

பை தட்டையாக இருந்தால் படி அரிசி நிற்காது, சாய்ந்துவிடும். அதற்கு, பை திருப்பியபடியே இருக்கும்போது கீழ் மூலையைப் பிடித்து, பக்கத் தையல் அடிமடிப்பின் மேல் நேராக உட்காரும்படி விரித்தால் முக்கோணம் மாதிரி வரும். முனையிலிருந்து ஒன்றரை இன்ச் தள்ளிக் குறுக்கே தையுங்கள். அடி 3 இன்ச் அகலமாகிவிடும். முனையை வெட்ட வேண்டாம், உள்ளேயே மடங்கிக் கிடக்கட்டும். அடிக்கு அதுவும் ஒரு பலம். அடுத்து வாயை அரை இன்ச் ஒரு தடவை, 1 இன்ச் ஒரு தடவை மடித்துச் சுற்றிலும் தைத்துவிட வேண்டும்.

வார் விஷயத்தில் அக்கா அவசரப்படவே இல்லை. ஒரு சணல் கயிற்றை எடுத்து என் தோளில் போட்டு, பை எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டார். காட்டில் வேலைக்குப் போடுகிற பை இடுப்புக்குக் கீழே தொங்கக்கூடாதாம். குனிந்தால் முன்னே வந்து செடியை அடிக்கும். குறுக்காக மாட்டினால் எனக்கு 40 இன்ச் வந்தது. இரண்டு முனையும் பைக்குள் இறங்க முன்மூன்று இன்ச் சேர்த்து 46. இரண்டு பட்டையையும் சாய்வாக ஒட்டுப்போட்டு இந்த நீளத்துக்கு வெட்ட வேண்டும். ஒட்டு ஒரு முனைக்குப் பக்கமாக வரும், தோள்மேல் வராது. வந்தால் உறுத்தும். பிறகு இரண்டு ஓரத்தையும் நடுக்கோட்டுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் ஒன்றரை இன்ச் அகலத்தில் நாலு மடிப்பு வார். இரண்டு ஓரமும் ஒரு தையல், நடுவில் ஒரு தையல்.

வார் பையில் சேர்கிற இடத்தில் முனையை அரை இன்ச் உள்ளே மடித்து, பைக்குள் பக்கத் தையலின் மேல் 3 இன்ச் இறங்கும்படி வைத்து, சதுரமாக நாலு பக்கமும் தைத்து, மூலைக்கு மூலை பெருக்கல் குறி மாதிரி தைக்க வேண்டும். அதன்மேல் இன்னொரு முறை. இங்கே பத்து மடிப்புக்கு மேல் சேர்ந்துவிடும்; மிதி மெஷின் முனகும், ஊசி உடையும். அக்கா எழுந்துபோய் அம்மிக் குழவியைக் கொண்டுவந்தார். அந்த மடிப்பைத் திண்ணையில் வைத்து நாலு தட்டு. தட்டையாகிவிட்டது. மற்ற இடத்துக்கு 16ஆம் நம்பர் ஊசி, இந்த இடத்துக்கு மட்டும் 18. காலால் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். முழுப் பைக்கும் முக்கால் மணி நேரம் ஆனது. புதிதாகத் தைக்கிறவருக்கு அரை நாள் பிடிக்கும்.

பவானி ஜமக்காளத் துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. வாருக்கு அதைப் போடலாமா என்று கேட்டேன். கையில் வாங்கித் தடவிப் பார்த்து, "இதுக்கு என்ற மிசினு ஆகாதுங்க அம்மிணி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மெஷின் இல்லாதவர்களும் தைக்கலாம். ஓட்டுத் தையல் போடாமல், ஒவ்வொரு தையலுக்கும் ஊசி பின்னால் வந்து முன்னால் போகிற பின்தையல் போட வேண்டும். நூலை இரட்டையாகக் கோத்து, தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்துக்கொண்டால் சிக்காது, சீக்கிரம் தேயாது. தேனீப்பெட்டி வைத்திருக்கிற வாசகர்கள் வீட்டில் அது சும்மா கிடக்கும்.

ஒன்றுக்கு மேல் தைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2 மீட்டர் துணி வாங்கி, வாரை 4 இன்ச் பட்டையாகக் குறைத்து ஒட்டுப்போட்டுக்கொண்டு, உள்பையை விட்டுவிட்டால் 3 பை வரும். வார் 1 இன்ச் அகலம்தான் நிற்கும். பூப்பறிக்கிற, காய் பறிக்கிற லேசான வேலைக்குப் போதும். உரமோ தானியமோ சுமக்க அகல வார்தான் வேண்டும். குறுகின வார் தோளை அறுக்கும்.

பெரம்பலூர் வாசகி முதலில் இப்படி 3 பை தைக்கட்டும். ஒன்று தனக்கு. மற்ற இரண்டைப் பருத்தி எடுக்க வருகிற பெண்களிடம் ஒரு வாரம் போட்டுக்கொள்ளக் கொடுக்கட்டும், இனாமாக இல்லை, திருப்பித் தருகிற மாதிரி. எங்கே உறுத்துகிறது, எங்கே பிரிகிறது என்று அவர்கள் சொல்வார்கள். அடுத்த பையை அவர்களே விலை கேட்டால், துணிக் காசு, நூல் காசு, தன் ஊரில் அரை நாள் கூலியில் பாதி, இந்த மூன்றையும் கூட்டி விலை சொல்லலாம். அந்த விலைக்கு ஆள் இல்லையென்றால், நட்டம் 2 மீட்டர் காடாவோடு போகும். ஆடு தொழுவத்தில் இருக்கும்.

பை எவ்வளவு தாங்கும் என்று யாரும் கேட்பதற்கு முன்னால் நீங்களே பார்த்துவிடுங்கள். 10 கிலோ நிலக்கடலையோ மணலோ போட்டு, வேப்பமரக் கிளையில் வாரை மாட்டி, ராத்திரி முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் இறக்கி, வார் சேருகிற சதுரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி போன துளைகள் நீளவாட்டில் விரிந்திருந்தால் துணி மெல்லிசு; அதை மளிகைக்கு வைத்துக்கொள்ளுங்கள், விற்க வேண்டாம். துளை அப்படியே இருந்து நூல் மட்டும் அறுந்திருந்தால், அந்தச் சதுரத்தைப் பிரித்து இரட்டை நூலில் மறுபடி தைத்து, இன்னொரு ராத்திரி தொங்கவிடுங்கள்.